பெட்டியைப் பிரிக்கச் சொன்ன அக்கா

வண்டி உதிரிபாகக் கடைகள் வரிசை கட்டி நிற்கும் அந்தத் தெருவில் போய், "ஒரிஜினல் எங்க கிடைக்கும்?" என்று கேட்டால் யாரும் சாமானைக் காட்ட மாட்டார்கள்; ஆளைக் காட்டுவார்கள். "நேரா போங்க, பச்சைக் கதவு. அக்கா உட்கார்ந்திருப்பாங்க." அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவருடைய கணவர் ஒருவர்தான், அதுவும் கோபம் வந்தால். மற்ற எல்லோருக்கும் அவர் ஒரிஜினல் அக்கா.

மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை அது, கேலிக்கு வைத்தது.

கடையைப் போட்டவர் கணவர். நல்ல மெக்கானிக். ஓடுகிற எஞ்சினின் பெல்ட்டில் கை மாட்டி இரண்டு விரல்கள் போன பிறகு, ஸ்பானர் பிடிக்க முடியாமல், வீட்டில் இருந்ததையெல்லாம் விற்றுக் கடை போட்டார். கடை போடத் தெரிந்த மனுஷனுக்கு வியாபாரம் தெரியவில்லை. கேட்டவனுக்கெல்லாம் கடன், கேட்காதவனுக்கு டீ. கடை கரைந்துகொண்டே வந்தபோது அக்கா ஒரு நாள் சொன்னார்: "நீங்க அடுப்பைப் பாருங்க, நான் கடையைப் பாக்கறேன்." கணவர் முகம் சுளிக்கவில்லை. தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவர் பாட்டுக்குக் குழம்பில் உப்பு பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அந்த வீட்டில் அவர் சமையல்தான்.

அந்தத் தெருவுக்கென்று ஒரு பாஷை உண்டு. வாடிக்கையாளர் ஒரு சாமான் கேட்டால் கடைக்காரர், "ஒரிஜினலா, ஓடுறதா?" என்று திருப்பிக் கேட்பார். ஓடுறது என்றால் போலி. பெட்டி அதே பெட்டி, அச்சு அதே அச்சு, விலை மட்டும் பாதி. அக்கா கல்லாவில் உட்கார்ந்த புதிதில் ஒரு லாரிக்காரர் வந்து, பிரேக் ஷூவில் ஓடுறது இருந்தால் போதும் என்றார்.

"எங்கிட்ட ஓடுறது இல்லைங்க," என்றார் அக்கா. "நிக்கிறதுதான் இருக்கு. பிரேக்கு நிக்கத்தானே?"

லாரிக்காரர் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சாமான் சரியில்லை என்று யாராவது முணுமுணுத்தால், "அதுக்கும் மேல சுத்தமா வேணும்னா அந்த ஒரிஜினல் அக்காகிட்ட போங்க" என்று கையைக் காட்டினார்கள். அப்படிக் கை காட்டிக் காட்டியே ஆட்களை அனுப்பிவிட்டார்கள். போனவர்கள் பழைய கடைக்குத் திரும்பவில்லை.

வருஷங்கள் போகப் போகக் கேலி கழன்று பெயர் மட்டும் நின்றது. மெக்கானிக்குகள் பில் கேட்பதை விட்டார்கள். "அக்கா கடைச் சாமான்" என்றால் வண்டிக்காரன் மறுபேச்சுப் பேச மாட்டான். எப்போதாவது சோதனைக்கு வரும் அதிகாரிகள் மற்ற கடைகளில் அலமாரியை உலுக்கிவிட்டு, அக்கா கடையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார்கள். "இங்க என்னத்தைப் பாக்கறது" என்பார்கள். அதைக் கேட்க அக்காவுக்கு இனிக்கத்தான் செய்யும். மனுஷிதானே.

இப்படி இருந்தபோதுதான் புதுச் சட்டம் ஒன்று வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பிரேக், ஸ்டீயரிங் போன்ற உயிர் சம்பந்தப்பட்ட சாமான்கள் எல்லாம் சோதனைச் சாலைக்குப் போய் முத்திரை வாங்கித்தான் கடைக்கு வர வேண்டும். எந்தக் கடையிலும் எந்தப் பெட்டியையும் அதிகாரி பிரித்துப் பார்க்கலாம் என்று விதி. அதற்கு முன் வியாபாரிகளின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். தெரு கொதித்தது. சங்கத் தலைவர், டயர் கடை வைத்திருப்பவர், நேராக அக்காவிடம் வந்தார்.

"நீங்கதான் பேசணும் அக்கா. நாங்க பேசினா திருடன் பேசறான்பாங்க."

"நான் என்னத்தைப் பேச?"

"உள்ளதைப் பேசுங்க. சட்டம் போட்டா திருட்டு நின்னுடுமா? எவ்வளவு சட்டம் இருக்கு, எவன் நின்னான்? பேரு கெட்டுப்போகுமேங்கிற பயம் இருக்கு பாருங்க, அதுதான் பெரிய போலீஸ். அதுக்குச் சம்பளமும் கிடையாது, லஞ்சமும் கிடையாது. உங்களை எந்தச் சட்டம் ஒழுங்கா வச்சிருக்கு? சொல்லுங்க."

அக்காவுக்கு அது சரியாகத்தான் பட்டது. தலைவர் போலி விற்கிறவர் என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் அவர் சொன்ன சொல்லில் பொய் இருப்பதாக அக்காவுக்குத் தோன்றவில்லை. தன் வாழ்க்கையே அதற்குச் சாட்சி என்று நினைத்தார். பேச ஒப்புக்கொண்டார்.

கூட்டத்துக்கு இன்னும் நாள் இருந்தபோது ரொட்டிக்காரர் வண்டி மோதியது. பேக்கரியிலிருந்து கடை கடையாக ரொட்டி போடும் லோடு ஆட்டோ. மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல், எதிரே வந்த பஸ்ஸுக்குத் தப்பிக்க வண்டியைச் சுவரில் கொண்டுபோய் விட்டார். வேறு யாருக்கும் அடியில்லை. அவருக்கு மட்டும் கால் முறிந்தது. செய்தி கேட்டு அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"என் கெட்ட நேரம் அக்கா," என்றார் ரொட்டிக்காரர், மாவுக்கட்டுக் காலைப் பார்த்துக்கொண்டே. "வேகமா இறங்கிட்டேன்."

"பிரேக் போடலையா?"

"போட்டேன். கேக்கலை."

"போன மாசம்தானே ஷூ மாத்தினே?"

"அது உங்க கடைச் சாமானாச்சே. அதுல என்ன கோளாறு வரப்போகுது? என் மேலதான் தப்பு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "நானும் அதையேதான் சொன்னேன் அக்கா. உங்க கடைச் சாமான்னா கண்ணை மூடிட்டு மாட்டலாம்னு," என்றாள்.

அக்கா சிரித்த முகமாக எழுந்து வந்துவிட்டார். சுவரில் மோதிக் காலை ஒடித்துக்கொண்டு படுத்திருக்கிறவன், தன் காலைவிட அக்காவின் கடையை நம்புகிறான். அது சந்தோஷப்பட வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேராக மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார். மோதிய வண்டியை அங்கேதான் இழுத்து வந்திருந்தார்கள்; அதற்கு ஷூ மாட்டியவரும் அங்கே இருந்தார்.

"ரொட்டிக்காரன் வண்டி ஷூவைக் காட்டு."

"அதைத் தூக்கிப் போட்டுட்டேனே அக்கா."

அக்கா ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார். மெக்கானிக் ஒரு போல்ட்டைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில் பெஞ்சுக்கு அடியில் குனிந்து, கிரீஸ் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டினார்.

பிரேக் ஷூவில் இரும்பு ஒரு பாகம். சக்கரத்தை உரசி நிறுத்துகிற லைனிங் அதன் மேல் ஒட்டியிருக்கும் இன்னொரு பாகம். இங்கே இரும்பு தனி, லைனிங் தனி. ஈரச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி உரிந்து வந்திருந்தது.

"விபத்தை விசாரிக்க வந்தவங்க கேட்டாங்க," என்றார் மெக்கானிக். "ரோடு ஈரம், சறுக்கிடுச்சுன்னு சொல்லிட்டேன். உங்க பேரு அடிபடக் கூடாதுல்ல."

மழை பெய்து பல நாட்கள் ஆகியிருந்தன.

அக்கா அந்த ஷூவை அதே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பகல் வேளையிலேயே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கணவரை வரச் சொன்னார். அலமாரியிலிருந்து அந்த ரகப் பெட்டிகளை எல்லாம் கீழே இறக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கணவர் மீதமிருந்த விரல்களால் ஷூவைப் பிடித்துக்கொள்ள, அக்கா கத்தி முனையை லைனிங்குக்கு அடியில் கொடுத்து நெம்பினார். பெரும்பாலானவை அசையவில்லை. கணவர் மூச்சு விட்டார். அப்புறம் ஒன்று வந்தது. கத்தி தேவைப்படாமல் நகத்துக்கே உரிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. நல்லதும் கெட்டதும் ஒரே பெட்டி, ஒரே அச்சு. யாரோ பார்த்துப் பார்த்துக் கலந்திருந்தார்கள்.

கடையில் அந்த ரகம் முழுக்க ஒரே ஆளிடமிருந்து வந்தது. அவர் மொத்த வியாபாரி. பொம்பளை கல்லாவில் உட்கார்ந்தால் கடை விளங்குமா என்று எல்லோரும் சரக்குக் கொடுக்க மறுத்தபோது, "உன் வாய்ச்சொல் போதும் தங்கச்சி" என்று முதல் சரக்கை இறக்கியவர் அவர்தான். அன்றிலிருந்து அக்கா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவர் சரக்கு வந்தால் எண்ணுவதோடு சரி. பிரிப்பதில்லை. பிரிப்பது அவரை அவமானப்படுத்துவது என்று அக்கா நினைத்தார்.

மறுநாள் காலை அக்கா அவருடைய கிடங்குக்குப் போனார். அண்ணன் டீ வரவழைத்தார். அக்கா அதைத் தொடவில்லை.

"நேத்து பெட்டியைப் பிரிச்சேண்ணே."

அவர் முகம் மாறியது. தன் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "எப்பவும் பிரிக்க மாட்டியே," என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் வந்துவிட்டது.

"ஏண்ணே என் கடைக்கு?"

"வேற எங்க அனுப்ப முடியும்?" அவர் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "மத்தவன் பிரிச்சுப் பாப்பான், சண்டைக்கு வருவான். உன் கடையில யாரு பாக்கப் போறா? நீ பாக்க மாட்டே. மெக்கானிக் பாக்க மாட்டான். அதிகாரி டீ குடிச்சிட்டுப் போயிடுவான். வியாபாரம் படுத்துடுச்சு தங்கச்சி. கொஞ்சம்தான் கலந்தேன்."

"அந்தக் கொஞ்சம் யார் யார் வண்டியில இருக்குன்னு சொல்லுங்க. நான் போய்க் கழட்டிட்டு வரேன்."

அவர் கைகளை விரித்தார்.

தான் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் இல்லை என்றுதான் அக்கா அதுவரை நினைத்திருந்தார். வழி நெடுக அவருக்கு ஒரே நினைப்புதான். தன் பெயர் திருட்டை விரட்டும் என்று நினைத்தோமே, திருட்டு ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடமே ஊரில் இருக்கவில்லையே.

வீட்டில் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெளிய சொன்னா கடை போயிடும்," என்றார்.

"சொல்லலைன்னா?"

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மைக் செட்டுக்காரன் எனக்குத் தெரிஞ்சவன்தான். சாயங்காலம் வரச் சொல்றேன்," என்றார்.

வாங்கியவர்களைத் தேடிப் போகவும் வழியில்லை. பில் கேட்டு வாங்கினவர்கள் அபூர்வம். நம்பிக்கைக்கு எதற்கு ரசீது? அதனால் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அக்காவே ஏறி உட்கார்ந்தார். மைக் செட்டுக்காரர், தான் பேசினால் கணீரென்று இருக்கும் என்றார். "கணீர்னு வேண்டாம். என் குரல்னு தெரியணும்," என்று மைக்கை வாங்கிக்கொண்டார் அக்கா.

"நான் பச்சைக் கதவுக் கடை அக்கா பேசறேன். என் கடையில சமீபத்துல பிரேக் ஷூ வாங்கினவங்க, அந்த வண்டியை ஓட்டாதீங்க. அதுல போலி கலந்திருக்கு. வித்தது நான்தான். கடைக்கு வாங்க, மாத்தித் தரேன், மாட்டுற கூலியும் என்னுது."

தெருத் தெருவாக அதையே சொன்னார். பெட்டிக்கடையில் நின்றவர்கள் வாய் பிளந்தார்கள். சங்கத் தலைவர் வண்டிக்குக் குறுக்கே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"என்ன காரியம் பண்றீங்க? உங்க பேரை வச்சுத்தான் நாங்க அங்க போய் நிக்கப் போறோம். கழுத்தறுத்துட்டீங்களே."

"வண்டியை எடுங்க தலைவரே. இன்னும் நாலு தெரு இருக்கு," என்றார் அக்கா.

மறுநாள் கடை திறக்குமுன் வரிசை நின்றது. ஸ்கூல் வேன், லோடு ஆட்டோ, காய்கறி வண்டி. நாலைந்து மெக்கானிக்குகள் தெருவிலேயே ஜாக்கி போட்டுக் கழற்றி மாட்டினார்கள். ஒலிபெருக்கியில் இப்படி ஓர் அதிகாரி கூப்பிட்டிருந்தால் அபராதம் போடத்தான் கூப்பிடுகிறான் என்று பாதிப் பேர் வண்டியை ஒளித்து வைத்திருப்பார்கள். அக்கா கூப்பிட்டதால் வந்தார்கள். அவர் பெயருக்கு இருந்த பெருமை அன்றைக்குத்தான் உண்மையிலேயே பயன்பட்டது என்று சொல்ல வேண்டும்.

வராதவர்களும் உண்டு. தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா கொடுத்தது போலியா இருக்காது. அவங்க அடக்கத்துக்குச் சொல்றாங்க," என்று வியாக்கியானம் பண்ணிக்கொண்டிருந்தார். அக்கா அங்கேயே போய் நின்றார்.

"அடக்கத்துக்கு யாராவது பிரேக் போலின்னு சொல்லுவாங்களா? எந்திரி. வண்டிச் சாவியைக் குடு."

கழற்றிப் பார்த்தபோது அவருடைய லாரியில் இருந்தது நல்ல ஷூ. "பாத்தீங்களா, நான் சொல்லலை?" என்று அவர் குதூகலித்தார். இன்னொரு லாரியில் இருந்தது அப்படி இல்லை. அதைக் கழற்றிய மெக்கானிக்கின் கையோடு லைனிங் தனியாக வந்தது.

ரொட்டிக்காரரின் வைத்தியம் முழுவதையும் அக்கா ஏற்றுக்கொண்டார். ஆனால் அவர் முதலில் அக்காவைக் குறையே சொல்லவில்லை. "உங்களையே ஏமாத்திட்டாங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அக்காவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. அப்புறம் ஒரு நாள் அவர் ஊன்றுகோலில் கடைக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. "ஒரு பெட்டி அக்கா. ஒரே ஒரு பெட்டியை நீங்க பிரிச்சுப் பாத்திருக்கலாம்ல? நான் பிரிச்சா எனக்கு என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியுமே," என்றார். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அக்கா தடுக்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவர் போன பிறகு, கணவரிடம், "இப்பதான் மூச்சு விட முடியுது," என்றார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அக்கா வர மாட்டார் என்றுதான் சங்கம் நினைத்தது. தலைவர் தன் வாதத்தை நன்றாகவே வைத்தார்: சட்டம் கெட்டவனைத் திருத்தாது, நல்லவனைத்தான் அலைக்கழிக்கும்; நல்ல பெயர்தான் காவல். விசாரித்த அதிகாரி ஓர் அம்மாள். அவர் தலைவர் சொன்னதை மறுக்காமல் எழுதிக்கொண்டார். அப்போது பின் வரிசையில் அக்கா எழுந்தார்.

"தலைவர் சொன்னது பாதி நிஜம் மேடம். பேரு கெடுமேன்னு பயந்துதான் நானும் ஒழுங்கா இருந்தேன். ஆனா என் பேரு என்னைத்தான் தடுத்துச்சு, என் முதுகுக்குப் பின்னால இருந்தவரைத் தடுக்கலை. அவர் பேரை நான் நம்பினேன், என் பேரை ஊர் நம்புச்சு. நம்பி நம்பி யாருமே பெட்டியைத் திறக்கலை. ஒருத்தர் காலு ஒடிஞ்சப்புறம்தான் திறந்தோம்."

"அப்போ சட்டம் வேணும்கிறீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"வேணும். ஆனா அது என் கடையிலயும் செல்லணும். உங்க ஆளுங்க எங்க கடைக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போனாங்க மேடம். நானும் பெருமையா ஊத்திக் குடுத்தேன். அதையும் எழுதிக்குங்க."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

விதி சில மாதங்களில் அமலுக்கு வந்தது. அண்ணன் மேல் அக்காவே புகார் கொடுத்திருந்தார்; கிடங்கைப் பூட்டி முத்திரை வைத்தார்கள், வழக்கு நடக்கிறது. வழியில் பார்த்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முதல் சரக்கை நம்பிக் கொடுத்த மனுஷர் என்பதை அக்காவால் மறக்க முடியவில்லை. தெருவில் சிலர் அக்காவோடு பேச்சை நிறுத்தினார்கள். "டூப்ளிகேட் அக்கா" என்று புதுப் பெயரும் வைத்தார்கள். "பேரு வைக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்லை," என்று அக்கா சிரித்தார். வியாபாரம் கொஞ்ச காலம் நொண்டியது. ஆனால் மெக்கானிக்குகள் வந்தார்கள். இப்போது அவர்கள் பெட்டியை வாங்கியதும் கல்லா மேசையிலேயே பிரித்து, நகத்தால் லைனிங்கைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போகிறார்கள். ஆரம்பத்தில் அக்காவுக்கு முன்னால் அப்படிச் செய்யக் கூசினார்கள். அக்கா மேசையில் ஒரு சின்னக் கத்தியையே வாங்கிப் போட்டு வைத்தார்.

புது விதிப்படி முதல் சோதனைக்கு ஓர் இளம் அதிகாரி வந்தார். ஊரெல்லாம் பேசிய கதை அவர் காதுக்கும் போயிருந்தது. கும்பிட்டுவிட்டு, நின்றபடியே பேனாவை எடுத்தார்.

"உங்க கடையில பாக்க என்னம்மா இருக்கு. நீங்க மைக் போட்டுச் சொன்னவங்களாச்சே. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

"பேனாவை வைங்க தம்பி. ஏணி அங்க இருக்கு."

"சரிம்மா, எதைப் பிரிக்கணும்னு நீங்களே எடுத்துக் குடுங்க."

"நான் எடுத்துக் குடுத்தா அதுக்குப் பேரு சோதனையா? நீங்க ஏறுங்க."

அவர் ஏணியில் ஏறி, நடுவில் இருந்த ஒரு பெட்டியை இழுத்தார். மேலே இருந்தவை சரிந்து அவர் தலையிலும் தோளிலும் விழுந்தன. சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்த கணவர் அதைக் கீழே வைத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். இளைஞர் தலையைத் தடவிக்கொண்டு இறங்கி, தரையில் உட்கார்ந்து ஒரு ஷூவை எடுத்துக் கத்தி போட்டு நெம்பினார். அது அசையவில்லை. முகம் சிவக்க இன்னொரு முறை நெம்பினார்.

"ஒரிஜினல்தாம்மா," என்றார்.

"சரி," என்று அக்கா கால் அருகே கிடந்த அடுத்த பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.